தேயிலைக்கு வித்திட்ட ஜேம்ஸ் டெய்லரும் மலையகம் கழித்துவிட்ட செல்வமும்

கண்டி மஹியாவ மயானத்தில் 1892 ஆம் ஆண்டு மே மாதத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரின் கல்லறை இருக்கின்றது. அதில் பொறிக்கப்பட்டுள்ள வாசகம் அவரை இலங்கையின் தேயிலைத் தொழிலுக்கு மாத்திரமன்றிச் சிங்கோனாத் தொழிலுக்கும் முன்னோடி எனக் குறிப்பிடுகின்றது. தேயிலையை உலகமே அறியும். சிங்கோனா என்ற பெயரைக் கேட்டால் இன்றைய மலையக இளைஞர்களில் பெரும்பாலானோர் அது என்னவென்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டையும் நட்டவர் ஒருவரே. மலையும் ஒன்று, உழைத்த கைகளும் ஒன்று. ஆயினும் ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிலைத்தது. மற்றையது இருபது முப்பது ஆண்டுகளுக்குள் மறைந்து போனது. அதற்கான காரணத்தை லூல்கந்துர தோட்டத்தின் ஜேம்ஸ் டெய்லரின் வாழ்க்கையிலேயே தேடிப் பார்க்கலாம். தேயிலைத் தொழிற்சாலைகளில் கழிவாக ஒதுக்கப்படும் தூசையும் நாரையும் நொதிக்கச் செய்து பெறுமதிமிக்க இரசாயனங்களைப் பெறுவது குறித்து உலகெங்கும் ஆய்வுகள் நடைபெறும் இக்காலத்தில் அந்தத் தேடல் வெறும் பழங்கதையாகாது.

டெய்லர் 1835 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வண்டிச்சக்கரம் செய்யும் தச்சர். தாயை அவர் தமது ஒன்பதாவது வயதிலேயே இழந்தார். தாயின் வழியிலான உறவினர் ஒருவர் ஏற்கனவே இலங்கையின் கோப்பித் தோட்டத்தில் இருந்தமையால், பதினாறு வயதில், ஆண்டுக்கு நூறு பவுண் சம்பளத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு 1851 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கப்பலேறினார். 1852 பெப்ரவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் இந்த மண்ணிலேயே வாழ்ந்தார். பிறந்த ஊரை அவர் மறுபடி காணவில்லை. அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு அஞ்ஜெலா மக்கார்த்தி, டொம் டெவின் ஆகிய இரு வரலாற்றாசிரியர்களும் 2017 இல் வெளியிட்ட நூல், புகழ்மாலைகளுக்கு அப்பால் அவரை அறிந்துகொள்ள உதவுகின்றது.

கண்டியிலிருந்து தென்கிழக்கே, தெல்தொட்டைக்கு அப்பால், ஹேவாஹெட்டப் பகுதியின் மலைமுகட்டில் அமைந்தது லூல்கந்துர தோட்டம். டெய்லர் வந்தபோது அதன் பெரும்பகுதி காடாகவே கிடந்தது. சின்னத்துரையாக வந்த அந்தப் பதின்ம வயதினரின் முதல் வேலை காட்டை வெட்டி எரிப்பிப்பதும், பாதை அமைப்பிப்பதும், கோப்பிக் கன்று நடுவிப்பதுமே. நடுவிப்பது என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகின்றோம். நட்டவர்கள் வேறு. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னால் புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து கால்நடையாகவே மலையேறிய மக்கள் அவர்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைப் பலி கொண்டன. கோப்பி பருவகாலப் பயிர் ஆதலால் அறுவடை முடிந்ததும் அநேகர் ஊர் திரும்பினர். அடுத்த பருவத்துக்கு மீண்டும் அதே பாதையில் நடந்தனர்.

விளைந்த கோப்பியை மலையிலிருந்து கீழே இறக்குவதும் இலகுவான காரியமன்று. பாதைகள் சீராவதற்கு முன்னர் பொதிமாட்டுத் தவளங்களே போக்குவரத்துச் சாதனமாக விளங்கின. கண்டிப் பிரதேச முஸ்லிம்கள் அத்தொழிலில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். உப்பும் கருவாடும் மேலே ஏறின. பாக்கும் கோப்பியும் கீழே இறங்கின. கோப்பி என்னும் சொல்லே கஹ்வா என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது என்பதையும் யெமன் நாட்டிலிருந்தே அப்பானம் உலகெங்கும் பரவியது என்பதையும் நம் வாசகர்கள் அறிவார்கள். பிற்காலத்தில் மாட்டு வண்டியும், 1867 இல் கண்டி வரை வந்த புகையிரதமும் தவளங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

டெய்லரின் தொழிற்பயிற்சி கோப்பியைப் பதனிடுவதில்தான் ஆரம்பமானது. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழுத்த கோப்பிப் பழத்தை இயந்திரத்திலிட்டு மேற்தோலையும் சதையையும் உரித்தெடுப்பார்கள். உள்ளே இருக்கும் விதைகளின் மீது வழுவழுப்பான ஒரு பசைப்படலம் ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. ஆகவே விதைகளைத் தொட்டியிலே குவித்து ஓரிரவு அல்லது ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். காற்றிலும் பழத்திலும் இயல்பாகவே இருக்கும் மதுவமும் பற்றீரியாக்களும் பெருகி அந்தப் பசையைக் கரைத்துவிடும். இதுவே நொதித்தல். அதன் பின்னர் விதை கையில் எடுத்தால் சரசரவென்று இருக்கும். அளவுக்கு மேல் விட்டால் புளித்து நாறும். குறைத்துவிட்டால் காயும்போது கறை பிடிக்கும். அந்த நேரக் கணக்கை எந்தப் புத்தகமும் அக்காலத்தில் சொல்லித் தரவில்லை. கையினாலும் மூக்கினாலும் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் தேயிலைக்கு டெய்லருக்குத் துணைநின்றது இந்தக் கைப்பழக்கமே என்று கருத இடமுண்டு.

உரித்தெடுத்த சதை என்னவாயிற்று? பழத்தின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதுவே. சிலர் சாணத்தோடு சேர்த்து எருவாக்கினர். எஞ்சியது அழுகியும் ஓடைகளில் கலந்தும் போனது. அதிலே சீனி உண்டு, பெக்டின் உண்டு, கஃபீனும் உண்டு. இன்று கோப்பி விளையும் நாடுகளில் அதே சதையைப் பூஞ்சணத்துக்கும் மதுவத்துக்கும் உணவாக்கி மதுசாரம், சித்திரிக் அமிலம், பழச்சாற்றுத் தொழிலுக்கு வேண்டிய நொதியங்கள் ஆகியவற்றைப் பெறும் முறைகள் ஆராயப்பட்டுள்ளன. டெய்லரின் காலத்தில் அந்த அறிவு இருக்கவில்லை என்பதால் அவர் மீது குறை காண்பதற்கில்லை.

1869 ஆம் ஆண்டு கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதை மடுல்சீமைப் பகுதியில் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்னும் அறிஞர் அது ஒரு புதிய பங்கசு எனக் கண்டு, பேரழிவைக் குறிக்கும் பெயரையே அதற்குச் சூட்டினார். தோட்டத்துரைமார் ஆரம்பத்தில் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1870 இல் ஏற்றுமதி பத்துக் கோடி இறாத்தலைத் தாண்டியிருந்தமையால் யாருக்கும் அச்சம் தோன்றவில்லை. (ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி நூலாக வெளிவந்ததும் அதே 1869 ஆம் ஆண்டில் என்பது ஒரு விந்தையான பொருத்தம்.) பதினைந்து ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் இழுத்து மூடப்பட்டது. துரைமார் கப்பலேறினர், கண்டிக் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. கூலி பாக்கியிருந்த தொழிலாளரின் நிலையை எவரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை.

டெய்லர் அந்த வீழ்ச்சியில் அகப்படவில்லை. நோய் வருவதற்கு முன்னரே, 1860களின் நடுப்பகுதியிலேயே, அவர் வேறு இரு பயிர்களை லூல்கந்துரவில் நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று சிங்கோனா. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகளைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தின் பட்டையில் மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினா அடங்கியிருக்கின்றது. பிரான்சின் பெல்லத்தியேயும் காவந்துவும் 1820 இல் அதனைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர். வெப்பநாடுகளில் தமது படைகளைக் காப்பாற்றிக்கொள்ள ஐரோப்பிய வல்லரசுகளுக்கு அந்த மருந்து இன்றியமையாததாயிற்று. பிரித்தானியர் விதைகளைக் கொண்டுவந்து நீலகிரியிலும், இலங்கையில் 1861 இல் இதற்கெனவே அமைக்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவிலும் வளர்த்தனர். தோட்டத்துரைமார் பலர் இலவசமாகக் கொடுத்த கன்றைக்கூட வாங்க மறுத்த காலத்தில், அதனை நட்டு, பட்டையைச் சந்தைக்கு அனுப்பக் கூடியதாக்கியவர்களில் டெய்லர் முதன்மையானவர்.

கோப்பி விழுந்ததும் எல்லோரும் சிங்கோனாவை நோக்கி ஓடினர். 1883 அளவில் அது 64,000 ஏக்கரில் பரந்திருந்தது. 1886 இல் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. விளைவு, இலண்டன் சந்தையில் பட்டை குவிந்து விலை பாதாளத்துக்குச் சென்றது. விலை விழ விழ, இருப்பதையாவது காசாக்குவோம் என்று மரங்களை வேரோடு பிடுங்கிப் பட்டை உரித்தனர். விலை மேலும் விழுந்தது. ஜாவாவில் ஒல்லாந்தர் கொயினா அதிகம் செறிந்த வேறோர் இனத்தைப் பயிரிட்டுச் சந்தையை முழுதாகக் கைப்பற்றினர். அந்த உயர்ந்த விதையைப் பொலிவியாவின் காடுகளிலிருந்து சேகரித்துக் கொடுத்த மானுவேல் இன்க்ரா மமானி என்ற பூர்வீகக் குடிமகன், அக்குற்றத்துக்காகச் சிறையிலிடப்பட்டு அடியுண்டு இறந்தான் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூருதல் தகும்.

இலங்கை விற்றது மூலப்பொருளான பட்டையை மட்டுமே. கொயினாவாக்கும் இரசாயனத் தொழிலும் அதன் ஆதாயமும் கடலுக்கு அப்பால் இருந்தன. இந்தியாவில் நிலைமை சற்று வேறாக இருந்தது. டார்ஜிலிங்குக்கு அருகே மங்புவில் 1870களிலும், பின்னர் நீலகிரியில் நடுவட்டத்திலும் அரசாங்கமே தொழிற்சாலை அமைத்துப் பட்டையைத் தோட்டத்தின் பக்கத்திலேயே மருந்தாக்கியது. 1892 முதல் வங்காளத்தில் அஞ்சலகங்களில் சில்லறைக் காசுக்குக் கொயினாப் பொட்டலம் கிடைத்தது. அத்தோட்டங்கள் விலை வீழ்ச்சிக்குப் பின்னும் நீடித்தன. இலங்கையிலோ மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் தேயிலை வந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் கேகாலை, குருணாகல் மாவட்டங்களையும் அயல் பிரதேசங்களையும் மலேரியா சூறையாடி ஏறக்குறைய எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உலகச் சந்தையைப் பட்டையால் நிரப்பிய இத்தீவு கொயினாவுக்குப் பிறநாட்டையே எதிர்பார்த்து நின்றது.

டெய்லரின் இரண்டாவது பயிரான தேயிலையின் கதை வேறு விதமாகச் சென்றது. இலங்கையில் முதன்முதல் தேயிலைச் செடியை நட்டவர் டெய்லர் அல்லர். 1839 இலேயே கல்கத்தாவிலிருந்து பேராதனைக்கு அசாம் செடிகள் வந்துவிட்டன. புசல்லாவையில் வோர்ம்ஸ் சகோதரர்களும் முயன்று பார்த்துச் செலவு கட்டுபடியாகாது கைவிட்டனர். 1866 இல் பேராதனையிலிருந்து விதை வாங்கிவந்து பாதையோரங்களில் நட்டுப் பார்த்த டெய்லர், 1867 இல் ஏழாம் இலக்க மலையில் 19 ஏக்கரைத் தேயிலைக்கென ஒதுக்கினார். அதுவே இந்நாட்டின் முதலாவது வர்த்தகத் தேயிலை மலை. அம்மலையில் இன்றும் தேயிலை உண்டு.

செடி வளர்ந்தது, இலையைத் தேயிலையாக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் எவரும் இல்லை. கச்சாரிலிருந்து வந்த நோபிள் என்ற தோட்டக்காரர் இலை கொய்வதையும் வாட்டுவதையும் உருட்டுவதையும் அவருக்குக் காட்டிக் கொடுத்ததாக வரலாறு கூறுகின்றது. மீதியை டெய்லர் தாமே சோதித்துச் சோதித்துக் கற்றார். அவரது பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலையாயிற்று. வாடிய கொழுந்தை மேசையிலே பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையான கையினால் தொழிலாளர்கள் உருட்டினர். சாறு வெளிப்பட்டு இலை சுருண்டதும் குவித்து விட்டு, நிறமும் மணமும் மாறும் வரை காத்திருந்து, களிமண் அடுப்பில் மரக்கரித் தணலின் மேல் கம்பி வலைத் தட்டுகளில் காய வைத்தனர். அந்த விறாந்தையில் உருட்டிய கைகளில் ஒன்றின் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை. இலங்கைத் தேயிலையின் முதலாவது இயந்திரம் தமிழ்த் தொழிலாளியின் முன்னங்கை என்று சொன்னால் அது மிகையாகாது.

உருட்டிய இலையைக் குவித்து வைக்கும் அந்தக் கட்டத்தைத் தேயிலைத் தொழிலில் நொதித்தல் என்றே அழைத்துவந்தனர். கோப்பித் தொட்டியைக் கண்டு பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கும். ஆனால் தேயிலையில் நிகழ்வது கிருமிகளின் வேலையன்று. இலையின் கலங்கள் நசுங்கும்போது அதனுள்ளேயே இருக்கும் ஒரு நொதியம் வெளிப்பட்டு, காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையோடு இலையின் துவர்ப்புப் பொருட்களை மாற்றுகின்றது. பச்சை நிறம் செம்பாகின்றது, துவர்ப்பு சுவையாகின்றது. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதே வகை மாற்றத்தினால்தான். வெப்பம் நொதியத்தை அழித்ததும் மாற்றம் நின்றுவிடும். எனவே எப்போது அடுப்பில் ஏற்றுவது என்பதே தேயிலையின் உயிர்நாடி. கொய்த சில மணி நேரத்துக்குள் வாட்டுதலை ஆரம்பித்து, மறுநாளுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பச்சைக் கொழுந்தைக் கப்பலேற்ற முடியாது. தொழிற்சாலை தோட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதை இயற்கையே விதித்துவிட்டது.

தேயிலை நிலைத்ததற்கும் சிங்கோனா அழிந்ததற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இங்கேதான் உள்ளது என்பது எமது கருத்து. பட்டையை உரித்துக் காயவைத்தால் அது மாதக்கணக்கில் கெடாது; ஆகவே அதனைப் பதனிடும் அறிவு மலையில் வேரூன்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை. விலை விழுந்தபோது மாற்றிச் செய்ய எதுவும் கையில் இருக்கவில்லை. தேயிலையிலோ இலையைப் பண்டமாக்கும் வித்தை லூல்கந்துரவின் விறாந்தையில் தொடங்கி மலையெங்கும் பரவியது. தேயிலையைக் கலந்து பொட்டலமிட்டுப் பெயர் சூட்டும் கடைசிப் படியை இலண்டன் நெடுங்காலம் தன் கையிலேயே வைத்திருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

டெய்லரின் தேயிலை முதலில் கண்டியிலேயே விற்பனையாயிற்று. 1872 இல் முறையான தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் அமைத்தார்; இலை உருட்டும் இயந்திரமொன்றையும் தாமே வடிவமைத்தார். 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1874 இல் வாழ்நாளில் எடுத்த ஒரே நீண்ட விடுமுறையையும் டார்ஜிலிங் சென்று தேயிலையைப் பற்றி மேலும் கற்பதற்கே செலவிட்டார். அயல் தோட்டத்தார் வந்து பார்த்துச் சென்றனர். அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. 1880 இல் ஏற்றுமதியான தேயிலை 81 தொன் அளவே. 1890 இல் அது ஏறத்தாழ 22,900 தொன்னாகியது. தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியதும் அவ்வாண்டிலேதான். லிப்டன் கோடீஸ்வரரானார். டெய்லர் சம்பளக்காரராகவே இருந்தார். தமக்கென்று ஒரு பெருந்தோட்டத்தை அவர் சேர்க்கவில்லை.

1890களின் தொடக்கத்தில் தோட்டத்துரைமார் சங்கம் பணம் திரட்டி வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களை அவருக்குப் பரிசளித்தது. தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவர் இட்ட அத்திவாரத்துக்கான நன்றியாக அது வழங்கப்பட்டது. ஆனால் நன்றியுணர்வு நீடிக்கவில்லை. தோட்டத்தை உடைமையாகக் கொண்டிருந்த கம்பனியினர் 1892 இல் அவரை விடுமுறையில் செல்லுமாறும், பின்னர் பதவியை விட்டு விலகுமாறும் வற்புறுத்தினர். நாற்பது ஆண்டு வாழ்ந்த மலையைவிட்டு இறங்க அவர் மறுத்தார். அந்த இழுபறியின் நடுவே வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு 1892 மே 2 ஆம் திகதி, 57 ஆவது வயதில், லூல்கந்துரவிலேயே காலமானார். பெரிய உருவம் படைத்த அவரது பிரேதத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் பன்னிருவர் பன்னிருவராக முறை மாறித் தோளில் சுமந்து, மலை இறங்கி, கண்டி வரை கொண்டுசென்றதாகத் தேயிலை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்கள் அவரைச் சாமித்துரை என்று அழைத்ததாகவும் அந்நூல்கள் சொல்லும். அன்பும் அச்சமும் கலந்த அழைப்பு அது. கூலிக்காரரும் துரையும் ஒரே தோட்டத்தில் நாற்பது ஆண்டு வாழ்ந்த உறவை இன்று நாம் ஒரு சொல்லால் எடைபோட்டுவிட முடியாது.

அதே ஆண்டில்தான் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வாழ்ந்துவந்த ஒராபி பாஷா கண்டிக்கு இடம்பெயர்ந்தார். சித்திலெப்பை போன்றோரின் முயற்சியால் கல்வி எழுச்சி கண்டுகொண்டிருந்த கண்டி முஸ்லிம் சமுதாயம் அவர் வருகையால் மேலும் உற்சாகமடைந்தது. கோப்பியின் அழிவிலிருந்து மீண்டு, தேயிலையைச் சார்ந்து வாழப் பழகிக்கொண்டிருந்த நகரமாக அன்றைய கண்டி விளங்கியது.

தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஆகவே கோப்பிக் காலத்தைப் போல் வந்துபோக இயலாமல், பெண்களும் பிள்ளைகளுமாகத் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. அவ்வாறு நிலைகொண்டவர்களின் வழித்தோன்றல்களையே 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எண்ணிக் கணக்கிட்டது. கழித்துவிடுதல் என்பது இலைத் தூசுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று.

இனி அந்த இலைத் தூசுக்கு வருவோம். டெய்லர் முதல் மலையை நட்ட 1867 ஆம் ஆண்டிலேயே, பஸ்தரின் மாணவரான வான் தீகெம் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், துவர்ப்புப் பொருளான தனினைக் கரைத்த நீரில் இரண்டு வகைப் பூஞ்சணங்கள் வளர்ந்து அதனைக் கலிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டறிந்தார். மாசிக்காயை நனைத்துக் குவித்துப் பூஞ்சணம் பிடிக்க வைத்து மை தயாரிக்கும் பழைய கைத்தொழிலின் இரகசியம் அதனால் விளங்கிற்று. மாசிக்காய் நம் சித்த, யுனானி வைத்தியர்களுக்கு நன்கு அறிமுகமான சரக்கு. அதன் துவர்ப்பும் தேயிலையின் துவர்ப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே ஆண்டில் கண்டி மலையில் ஒருவர் தேயிலை நட்டதும் பாரிஸில் ஒருவர் அதன் கழிவுக்கு உதவக்கூடிய வழியைக் கண்டதும் ஒருவரையொருவர் அறியாமலே நிகழ்ந்தன.

தேயிலைத் தொழிற்சாலைகளில் சலிக்கும்போது ஒதுக்கப்படும் நார், காம்பு, பஞ்சு போன்ற தூசு, தரையில் கூட்டியெடுத்தது ஆகிய அனைத்தையும் நமது சட்டம் கழிவுத் தேயிலை என்றே வரையறுக்கின்றது. 2023 இல் இலங்கை உற்பத்தி செய்த தேயிலை ஏறத்தாழ 25 கோடியே 60 இலட்சம் கிலோ. அதில் நூற்றுக்குச் சில பங்கு கழிவாகின்றது எனக் கொண்டாலும் அது பல்லாயிரம் தொன். அதிலே கஃபீனும் தனினும் இன்னமும் எஞ்சியிருக்கின்றன. தேயிலையில் கஃபீன் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை உண்டு. கழிவில் சற்றுக் குறையும். சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் மொன்சாண்டோ நிறுவனம் தேயிலைக் கழிவிலிருந்தே கஃபீனைப் பிரித்தெடுத்துக் கொக்கா கோலாவுக்கு விற்றது. அந்நிறுவனம் பின்னாளில் உலகறிந்த இராட்சதக் கம்பனியாக வளர்வதற்கு ஆரம்பத்தில் கைகொடுத்த பொருட்களில் அந்தக் கஃபீனும் ஒன்று.

கஃபீனை வடித்தெடுத்த பின்னும் சக்கை மீதியாகும். அதன்மேல் அஸ்பர்ஜிலஸ் என்னும் கரும்பூஞ்சணத்தை ஈரப்பதத்தோடு வளர்த்தால், அது தனேஸ் என்னும் நொதியத்தைச் சுரந்து துவர்ப்பை உடைத்துக் கலிக் அமிலத்தைத் தரும். ஆய்வுக்கூடங்களில் இது மெய்ப்பிக்கப்பட்டதொன்றே. சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் டிரைமெதோபிரிம் மருந்துக்கும், எண்ணெயும் கொழுப்பும் காறாமல் காக்கும் புரோப்பைல் கலேற்றுக்கும் மூலப்பொருள் அந்த அமிலமே. தனேஸ் நொதியத்துக்கும் தனியாக விலையுண்டு. குளிர்ந்த தேநீர் கலங்காமல் தெளிவாக இருக்க அதனைச் சேர்க்கின்றனர். பெருந்தொட்டிகளும் உயர்ந்த அமுக்கமும் இதற்கு வேண்டியதில்லை. தட்டுகளும் வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் அறையும், கூர்ந்து கவனிக்கும் மனிதரும் இருந்தால் போதும். டெய்லரின் விறாந்தையைப் பெரும்பாலும் ஒத்த ஏற்பாடுதான்.

அவ்வாறாயின் ஏன் நடைபெறவில்லை? தடைகள் இல்லாமலில்லை. ஒரு தொழிற்சாலையில் சேரும் கழிவு சிறிதளவே. பல தோட்டங்களிலிருந்தும் ஓரிடத்தில் திரட்டியாக வேண்டும். செயற்கைக் கஃபீன் மலிவாக வந்து குவிகின்றது. எனவே கஃபீனை மட்டும் நம்பித் தொழில் தொடங்கினால் சிங்கோனாவின் கதியே நேரும். கஃபீன், கலிக் அமிலம், நொதியம், எஞ்சும் சக்கையிலிருந்து எரு என ஒரே கழிவிலிருந்து பலவும் பெற்றால்தான் கணக்குச் சரிவரும். இதற்கெல்லாம் மேலாக, கழிவுத் தேயிலைக்கு இன்று கிடைக்கும் இலகுவான சந்தை கலப்படச் சந்தையாகும். கழிவுக்குச் சீனியும் சாயமும் இரும்புச் சல்பேற்றும் சேர்த்து நல்ல தேயிலையோடு கலந்து விற்போர் அடிக்கடி பிடிபடுகின்றனர். அதனை வாங்கி அருந்துவோர் பெரும்பாலும் விலையுயர்ந்த தேயிலை வாங்க முடியாத ஏழைகளே. கழிவுக்கு நேர்மையான விலை கொடுக்கும் ஒரு தொழில் உண்டானால் அந்தக் கள்ளச் சந்தைக்குப் போகும் பொருள் குறையும்.

அறிவுக்கும் இடத்துக்கும் கண்டியில் பஞ்சமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் விஞ்ஞான பீடமும் உள்ளன. ஹந்தானையில் 1981 இல் நிறுவப்பட்ட அடிப்படை ஆய்வுகள் நிறுவகம் இருக்கின்றது. உயிரின் தோற்றம் குறித்த ஆய்வினால் புகழ்பெற்ற சிறில் பொன்னம்பெரும 1980களில் அதற்குத் தலைமை தாங்கினார். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுப் பழைமையுடையது. அதே ஹந்தானைச் சரிவில், 1925 இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையைத் திருத்தி 2001 இல் தேயிலை நூதனசாலையாக்கினர். டெய்லரின் நினைவுப் பொருட்களும் பழைய உருட்டும் இயந்திரங்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. லூல்கந்துரவிலோ அவரது பங்களாவில் எஞ்சியிருப்பது ஒரு புகைபோக்கியும், அவர் அமர்ந்து மலையைப் பார்ப்பதாகச் சொல்லப்படும் கல்லாசனமுமே. உல்லாசப் பிரயாணிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அவர்கள் ஏறிவரும் தெல்தொட்டைப் பாதையின் இருமருங்கிலும் உள்ள தொழிற்சாலைகளில் இலை இன்றும் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, சலிக்கப்படுகின்றது. சலித்து ஒதுக்கிய நாரும் தூசும் மூட்டைகளில் நிரப்பப்பட்டு வெளியேறுகின்றன.